கேட்லாக்கில் கண்ட பொருள்கள்

வன்னியபெருமாளுக்கு வேண்டியிருந்தது ஒரு துண்டுக் காகிதம். அதில் இரண்டு வரி எழுதி, அடியில் ஒரு முத்திரை குத்தினால் போதும். காகிதத்துக்கு என்னதான் கட்டுப்பாடு இருந்தாலும், ஒரு கலாசாலையில் அவ்வளவு காகிதம்கூடவா கிடைக்காது என்று அவர் நினைத்தார். சுதந்திரம் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மனிதர்கள் இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அவர் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குப் பெயர் எழுதுகிறவர். வருஷத்தில் நாலு மாதம் தோணிகள் கரையேறிக் கிடக்கும்போது கை ஓயாத வேலை. மற்ற எட்டு மாதமும் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை. அந்த எட்டு மாதமும் வீட்டில் அடுப்பு எரிந்தது மனைவி சந்தனமாரி உப்பளத்தில் உப்புச் சுமந்ததால். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவள் பாதம் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சாயந்தரம் வந்து வேப்பெண்ணெயைத் தடவித் துணியைச் சுற்றிக்கொள்வாள். ஒரு நாளும் முனகியதில்லை. அவள் முனகாததுதான் வன்னியபெருமாளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

நாசரேத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டிராயிங் மாஸ்டர் தேவை என்று கேள்விப்பட்டு, நல்ல வேட்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். அவர் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வரைந்த வட்டத்தை மேனேஜர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை நல்ல கைதான் வே," என்றார். "ஆனா நீரு டிராயிங் பரீட்சை பாஸ் பண்ணலை. உம்மை எடுத்தா மேலிடத்துக்கு ஒரு காரணம் சொல்லணும். படக் கண்காட்சி வச்சிருக்கேன்னு சொல்லுதீருல்லா, அந்தக் கண்காட்சி கேட்லாக் ஒரு காலேஜ் லைப்ரரில இருக்குன்னு முத்திரை போட்டு ஒரு காகிதம் கொண்டாரும். ஜூன் ஒண்ணாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கு. அன்னிக்குக் காலையில காகிதம் என் மேசைக்கு வந்தா வேலை உமக்கு. வரலைன்னா பரீட்சை பாஸ் பண்ணின இன்னொருத்தருக்கு. அவருக்கு வட்டம் கோணலாத்தான் வருது."

கண்காட்சி வைத்தது உண்மை. அந்தத் தை மாதம், கடற்கரைச் சாலையில் முஹ்யித்தீன் முதலாளியின் சரக்குக் கிட்டங்கி ஒரு வாரம் காலியாகக் கிடந்தது. முஹ்யித்தீன் காயல்பட்டினத்துக்காரர், கொழும்புக்குக் கருவாடும் கருப்பட்டியும் அனுப்புகிறவர். அந்தக் கிட்டங்கிச் சுவரில் வன்னியபெருமாள் முப்பத்தொரு படங்களை மாட்டினார். எல்லாம் முத்துக்குளிப்பைப் பற்றியவை. கடைசியாக முத்துக்குளிப்பு நடந்து இருபது வருஷமாகியிருந்தது. இனி எப்போது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சர்க்கார், 'பரிசீலனையில் இருக்கிறது' என்று பதில் எழுதிக்கொண்டிருந்தது. படம் வரையத் துணி வாங்க வழியில்லாததால், தோணிக்காரர்களிடம் கிழிந்த பாய்த்துணியை இரவல் வாங்கி அதில் வரைந்திருந்தார்.

"கண்காட்சின்னா கேட்லாக் வேணும்லா," என்று முஹ்யித்தீன்தான் எட்டுப் பக்கத்தில் ஒன்றை அச்சடித்துக் கொடுத்தார். கிடைத்த தாள், கல்யாணப் பத்திரிகைக்கு வெட்டி வைத்திருந்த ரோஸ் தாள். மேலே கண்காட்சியின் பெயரும் வன்னியபெருமாளின் பெயரும். உள்ளே ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எண் போட்டுப் படங்களின் பெயர்கள்.

கண்காட்சி முடிந்த மறுநாள் தோணிக்காரர்கள் வந்து பாய்த்துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். இரவல் இரவல்தானே. அவர் வரைந்த அந்திவானம் இப்போது ஏதோ ஒரு தோணியின் பாயில் ஒட்டுத்துணியாகக் கொழும்புக்குப் போய்வந்துகொண்டிருந்தது. அச்சடித்த இருநூறு கேட்லாக்கும் ஊரில் கடலைப் பொட்டலமாகி, ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அதை வேட்டி மடிப்பில் பத்திரமாக வைத்துக்கொண்டு அவர் தென்கடல் கலாசாலை நூலகத்தின் படியேறினார்.

நூலகர் கிருபாநிதி சென்னையில் மூன்று மாதம் பயிற்சி பெற்றவர். அந்த மூன்று மாதத்தில் எழுதிய குறிப்பு நோட்டு எப்போதும் அவர் கையருகில் இருக்கும். அவருடைய முதுகுக்குப் பின்னால் அறுபது இழுப்பறைகள் கொண்ட தேக்குப் பெட்டி ஒன்று இருந்தது. யார் நூலகத்தைப் பார்க்க வந்தாலும் முதலில் அந்தப் பெட்டியைத்தான் காட்டுவார். பெரும்பாலும் அதோடு முடித்தும் விடுவார்.

"இது என்ன?" என்றார், ரோஸ் தாளை இரண்டு விரலால் பிடித்து.

"கேட்லாக் அய்யா."

"கேட்லாக் இங்கன இருக்கு," என்று தேக்குப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "ஒரு லைப்ரரிக்கு ஒரு கேட்லாக்தான்."

"இது கண்காட்சி கேட்லாக்."

கிருபாநிதி நோட்டைப் புரட்டினார். "நாப்பத்தெட்டுப் பக்கத்துக்குக் கீழ இருந்தா அது புஸ்தகம் இல்ல. துண்டுப்பிரசுரம். துண்டுப்பிரசுரம் நாங்க வைக்கதில்ல. பத்திரிகைன்னா வைக்கலாம். இதுக்கு அடுத்த இதழ் எப்ப வரும்?"

வன்னியபெருமாள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "இனிமேத்தான் வரையணும். அதுக்கு முன்னால தோணிப்பாய் கிழியணும்."

"அப்ப ஒழுங்கா வராத பத்திரிகை," என்று கிருபாநிதி முகம் மலர்ந்தார். ஒரு பிரிவு கிடைத்துவிட்டால் அவருக்கு அந்த நாள் நல்ல நாள். "அதுக்கு ஞாபகக் கடிதம் அனுப்புததுதான் முறை." அங்கேயே ஒரு தாளை எடுத்து, 'தங்கள் அடுத்த இதழ் இன்னும் வந்து சேரவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, எதிரில் நின்றவரிடமே கொடுத்தார். கலாசாலையில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை என்பது மட்டும் அன்று உறுதியாயிற்று.

இதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரமே சர்வகலாசாலையிலிருந்து ஒரு படிவம் வந்து சேர்ந்தது. மே முப்பத்தொன்றாம் தேதி கமிஷன் பார்வையிட வரும். அதற்குமுன் நாற்பது கேள்விகளுக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். பதினேழாவது கேள்வி: 'கலைக் கண்காட்சிக் கேட்லாக்குகள் சேகரிக்கப்படுகின்றனவா?' அந்தக் கேள்வியை எழுதியவர் எந்த ஊரில் உட்கார்ந்து எதை நினைத்து எழுதினாரோ தெரியாது. தென்கடல் கலாசாலை நூலகக் கமிட்டி அவசரமாகக் கூடியது. வன்னியபெருமாளையும் வரச் சொல்லி, வாசலில் நிறுத்தி வைத்தார்கள்.

கமிட்டித் தலைவர் சிவசுப்பிரமணியன், ராவ் பகதூர். வெள்ளைக்காரன் போனதோடு அந்தப் பட்டமும் போயிருக்க வேண்டும். வீட்டு வாசல் பலகையில் அதை அழித்துத் தரட்டுமா என்று வன்னியபெருமாளே ஒரு தடவை கேட்டிருக்கிறார். 'பெயின்ட் இன்னும் நல்லாத்தான இருக்கு' என்று பதில் வந்தது. அவர் இப்போது எழுந்து நின்று, ஆறு பேர் இருந்த அறையில் அறுநூறு பேருக்குப் பேசுகிற குரலில் பேசினார்.

"கனவான்களே, நான் படங்களைப் பார்க்கிற பழக்கம் உள்ளவன் அல்ல. படம் பார்த்தால் மனிதனுக்குக் கண்ட கண்ட நினைப்பெல்லாம் வரும். பட்டியல் அப்படி அல்ல. ஒன்று என்று ஆரம்பிக்கும், வரிசையாகப் போகும், முடியும். ஆகவே கலையைப் பட்டியலாகச் சேகரிப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். இந்த நூலகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று ஆண்டுகளில் இங்கே ஒரு புத்தகத்தின் ஓரம்கூட மடங்கவில்லை. காரணம், அலமாரிச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. மாணவர்கள் வாசிக்க வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக வாசிக்கட்டும். அவரவர் வீட்டில், அவரவர் புத்தகத்தை வாசிக்கட்டும். நான் குறுக்கே நிற்கவில்லை."

கைதட்டல் அடங்கியதும், கண்காட்சிக் கேட்லாக் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் கிருபாநிதியைப் பார்த்தார்கள். அவர் நோட்டைத் திறந்து, தெளிவான குரலில் வாசித்தார்: "கேட்லாக் என்பது நூலகத்தில் உள்ள பொருள்களின் முறையான பட்டியல்."

"அப்படியானால் அதில் முப்பத்தொரு பொருள் இருந்தால்?" என்றார் ராவ் பகதூர்.

"நம்ம நூலகத்தில முப்பத்தொரு பொருள் இருக்குன்னு அர்த்தம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கேட்லாக்கைச் சேகரிப்பது, அதில் கண்ட பொருள்கள் அனைத்தையும் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றுவது. வாசலில் நின்ற வன்னியபெருமாளுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் ஏற்றுவது என்ற சொல் காதில் விழுந்தது. காரியம் பலித்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்ச் சந்தனமாரியிடம் சொன்னார். "காகிதம் கைக்கு வரட்டும்," என்று மட்டும் அவள் சொன்னாள்.

மறுநாள் போனபோது கிருபாநிதி பதிவேட்டைத் திறந்து காட்டினார். அதுவரை இரண்டாயிரத்து இருநூற்று எட்டுப் புத்தகங்கள் இருந்தன. அதன் கீழே அழகான கையெழுத்தில்: 2209, தோணி. 2210, சுறா. 2217, முத்துக்குளிப்பவன். 2220, புயல். தோணி போக்குவரத்துப் பிரிவில். சுறா விலங்கியலில். முத்துக்குளிப்பவன் தொழில்துறையில்.

"கேட்லாக் எங்க அய்யா?" என்று வன்னியபெருமாள் கேட்டார்.

கிருபாநிதி ஓர் இழுப்பறையைப் பெருமையோடு இழுத்தார். காகிதக் கட்டுப்பாட்டில் புதிய அட்டை கிடைக்காததால், ரோஸ் தாளையே முப்பத்தொரு துண்டாக வெட்டிப் பழைய அட்டைகளில் ஒட்டியிருந்தார். வன்னியபெருமாளின் பெயர் இருந்த மேல்தாளை மட்டும் காணவில்லை. அது ஒட்டுகிற பசையைக் கலக்கப் பயன்பட்டதாம்.

வன்னியபெருமாள் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். படங்கள் கடலோடு போனபோதுகூட அவருக்கு இவ்வளவு வயிறு எரியவில்லை. தோணிக்காரர்களாவது அவர்கள் துணியை அவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். இது ஊரில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி. அதை ஒரு மனிதர் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, பாராட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

"நல்லா வெட்டியிருக்கீய," என்றார் கடைசியில். "அந்தக் காகிதத்தை எழுதிக் குடுத்துட்டா நான் போயிருவேன்."

"குடுக்காமலா. வருஷாந்திரச் சரிபார்ப்பு ஒண்ணு பாக்கி. அது முடிஞ்ச பொறவு வாரும்."

சரிபார்ப்பு மே மாதம் பதினைந்தாம் தேதி நடந்தது. பதினாறாம் தேதி வன்னியபெருமாளுக்கு ஒரு மெமோ வந்தது. 'தாங்கள் ஒப்படைத்த கேட்லாக்கில் கண்ட பொருள்களில் ஒன்றுகூட அலமாரியில் காணப்படவில்லை. தோணி ஒன்று, சுறா ஒன்று, கடல்கட்டி ஒன்று, முத்துக்குளிப்பவன் ஒன்று, புயல் ஒன்று, அந்திவானம் ஒன்று முதலிய பொருள்களைக் கமிஷன் வருகைக்கு முன் ஒப்படைக்க வேண்டியது. தவறினால் சான்றிதழ் வழங்க இயலாது.'

அவர் மெமோவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "அய்யா, அதெல்லாம் படம்."

"படம்னு எங்க போட்டிருக்கு?" கிருபாநிதி அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "சுறான்னுதான போட்டிருக்கு."

"சுறாப் படத்துக்குக் கீழ சுறான்னுதான எழுதுவாக?"

"அது உங்க வழக்கம். எங்களுக்கு நோட்டுல என்ன இருக்கோ அதுதான்."

வன்னியபெருமாள் நேராகக் கிட்டங்கிக்குப் போய் முஹ்யித்தீனிடம் முறையிட்டார். முஹ்யித்தீன் மெமோவை இரண்டு தடவை வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வன்னியம், ஆபீஸ்காரன்கிட்ட அர்த்தம் பேசப்பிடாது. அவன் என்ன கேக்கானோ அதைக் குடுத்துரும். சுறாதான கேக்கான்?" என்று எழுந்துபோய், ஆள் நீளம் இருந்த ஒரு சுறாக் கருவாட்டை ஆணியிலிருந்து இறக்கினார். "அல்லாஹ் காப்பாத்தட்டும், அந்த லைப்ரரியை."

சுறாவைத் தோளில் போட்டுக்கொண்டு வன்னியபெருமாள் கலாசாலைக்கு நடந்தார். திட்டுவார்கள், துரத்துவார்கள், அதோடு இந்தப் பைத்தியம் தெளியும் என்று ஒரு நம்பிக்கை. கிருபாநிதி மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆனால் மிகுந்த மரியாதையோடு, சுறாவை மேசைமேல் வாங்கிக்கொண்டார். முதல் பக்கத்திலும் ஐம்பதாம் பக்கத்திலும் முத்திரை குத்த வேண்டும் என்பது நோட்டில் உள்ள விதி. சுறாவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதற்கு இருந்ததே இரண்டு பக்கம்தான். இரண்டிலும் குத்தினார்.

"பொருள் நல்ல நிலைமையில இருக்கு," என்று பதிவேட்டில் எழுதினார். "மிச்சம் முப்பது."

அன்றிலிருந்து பத்து நாள் வன்னியபெருமாள் தூத்துக்குடித் தெருக்களில் அலைந்து கேட்லாக்கைத் திரட்டினார். தன் கண்காட்சிக்கு அவர் இந்தப் பாட்டில் கால்வாசிகூடப் படவில்லை. தோணிக்குப் பதில் ஒரு பொம்மைத் தோணி கொடுத்தார். கிருபாநிதி அளந்து பார்த்து, 'சிறு பதிப்பு' என்று எழுதிக்கொண்டார். கடல்கட்டி என்பவர் முத்துக்குளிப்பின்போது கரையில் உட்கார்ந்து மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர்; இறந்து பல வருஷமாகிறது. இதைச் சொன்னதும், 'அச்சில் இல்லை' என்று பதிவாயிற்று. அந்திவானத்துக்குக் கிருபாநிதியே வழி கண்டுபிடித்தார். 'மேற்கு ஜன்னல் வழியாக மாலை ஆறு மணிக்குப் பார்வையிடலாம்.' நூலகம் ஐந்து மணிக்கு அடைத்துவிடும். புயல்தான் ரொம்ப நேரம் இழுத்தது. கடைசியில் அதைப் பைண்டிங்குக்குப் பாளையங்கோட்டை அனுப்பியிருப்பதாக எழுதினார்கள். நூலகத்தில் காணாத பொருள் எதுவானாலும் பைண்டரிடம்தான் இருக்கும் என்பது எல்லா ஊரிலும் உள்ள நம்பிக்கை.

முத்துக்குளிப்பவன் என்ற 2217-க்கு அசல் ஆளே கிடைத்தார். இனிகோ, அறுபது வயசு. இருபது வருஷத்துக்கு முந்தின முத்துக்குளிப்பில் ஒரே மூச்சில் பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழம் போய் வந்தவர். வாசிப்பு மண்டபத்தில் ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு, மணிக்கட்டில் எண் அட்டையைக் கட்டினார்கள்.

"ஏலே வன்னியம், நெசம்மாவே சும்மா உக்காந்திருந்தாப் போதுமாலே?" என்று இனிகோ சந்தேகத்தோடு கேட்டார். "மூச்சுப் பிடிக்க வேண்டாமா?"

"மூச்சு விடலாம். பேசப்பிடாது," என்றார் கிருபாநிதி. "இது லைப்ரரி."

மே முப்பத்தொன்றாம் தேதி காலையில் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் மிச்சம். மறுநாள் காலையில் காகிதம் நாசரேத் மேசையில் இருக்க வேண்டும். அதற்குப் பிற்பகல் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். வன்னியபெருமாள் சவரம் செய்து, அந்த நல்ல வேட்டியையே கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"முப்பத்தொண்ணு, 'ஓவியர்'," என்று கிருபாநிதி வாசித்தார். "இது பாக்கி."

"அது நான்தான் அய்யா. கடைசிப் படம். கண்ணாடியில பாத்து என்னையே வரஞ்சது."

"அப்ப வேலை மிச்சம்," என்று சொல்லி, அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் கையைப் பிடித்து முன்கையில் முத்திரை குத்திவிட்டார். கழுத்தில் ஓர் அட்டை. '2239. ஓவியர் வன்னியபெருமாள். வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.'

"முப்பத்தொண்ணும் ஆயாச்சுல்லா. என் காகிதம்?"

"எந்தக் காகிதம்?"

"கேட்லாக் இங்க இருக்குன்னு."

கிருபாநிதி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "கேட்லாக்கில கண்ட பொருளெல்லாம் இருக்கு. கேட்லாக் இல்லையே. அதைத்தான் வெட்டியாச்சே. அதுவும் போக, சான்றிதழ் வெளியாளுக்குத்தான் குடுக்க முடியும். நீரு இப்ப நூலகச் சொத்து. நூலகம் தனக்கே சான்றிதழ் குடுத்துக்கிட்டா தணிக்கையில கேப்பாங்க. உக்காரும். கமிஷன் வார நேரமாச்சு."

வன்னியபெருமாள் இனிகோவின் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் காகிதம் இல்லாமல் ஓடி எங்கே போவது? வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் சந்தனமாரி ஒரு வார்த்தையும் சொல்லாமல் விடியற்காலையில் உப்பளத்துக்குக் கிளம்புவாள். ஒன்றரை மாதம் இந்த மனிதர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியதற்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கமிஷன் இரண்டு மணிக்கு வந்தது. கமிஷன் என்பது கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரே ஒருவர். படிவத்திலிருந்து கண்ணை எடுத்தால் வரிசை தப்பிவிடும் என்பதால், அவர் எடுப்பது அபூர்வம். ராவ் பகதூர் மாலை போட்டார். அதைப் படிவத்தைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

"கேள்வி பதினேழு. கண்காட்சிக் கேட்லாக்?"

கிருபாநிதி இழுப்பறையைத் திறந்தார். முப்பத்தொரு ரோஸ் துண்டுகள்.

"பகுத்தும் வைத்திருக்கிறீர்கள். நேர்த்தி. இது என்ன வாசனை?"

"விலங்கியல் பிரிவு," என்றார் கிருபாநிதி.

கோட்டுக்காரர் குறித்துக்கொண்டார். இனிகோவின் எண்ணைப் பார்த்தார், வன்னியபெருமாளின் எண்ணைப் பார்த்தார், அதையும் குறித்துக்கொண்டார். எண் இருந்தால் அவருக்குப் போதும். "கேள்வி இருபத்து மூன்று. பெண் வாசகர்கள் எத்தனை பேர்?"

இதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. ராவ் பகதூர் இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தலையில் சும்மாடு, முழங்கால் வரை வெள்ளையாகக் காய்ந்த உப்பு, பாதத்தில் சுற்றிய துணி. சந்தனமாரி உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தாள்.

"என்ன, இங்கன உக்காந்திருக்கிய?" என்றாள் கணவரைப் பார்த்து. "பஸ்ஸு போயிரும்."

"இதோ," என்றார் ராவ் பகதூர், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். "பெண் வாசகர். ஒருவர்."

"ஒன்று," என்று கமிஷன் எழுதிக்கொண்டது. "கேள்வி இருபத்து நான்கு. இரவல் கொடுக்கும் முறை நடைமுறையில் உள்ளதா? இந்த அம்மாள் எதை இரவல் வாங்குகிறார்?"

"நான் எங்க வீட்டு ஆளைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்," என்றாள் சந்தனமாரி.

"2239," என்றார் கிருபாநிதி. சொன்ன பிறகுதான் அவருக்கு விதி நினைவு வந்தது. ராவ் பகதூரின் காதருகில் குனிந்து, "அது வெளிய குடுக்கக் கூடாத பொருள் அய்யா," என்றார்.

"கமிட்டித் தலைவரின் விசேஷ அனுமதி," என்று ராவ் பகதூர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "கொடும். கமிஷன் பார்க்கிறது."

கலாசாலை தொடங்கி மூன்று ஆண்டுகளில் அச்சடித்து வைத்தும் தொடாமல் கிடந்த இரவல் சீட்டுக் கட்டிலிருந்து முதல் சீட்டு கிழிக்கப்பட்டது. இப்படி ஒரு நாள் வரும் என்று பயிற்சியில் யாரும் கிருபாநிதிக்குச் சொல்லவில்லை. 'தென்கடல் கலாசாலை நூலகம். எண் 2239. பொருள்: ஓவியர் வன்னியபெருமாள். இரவல் பெற்றவர்: சந்தனமாரி. திரும்ப வேண்டிய நாள்: 14-6-48. பொருளுக்கு இரவல் பெற்றவரே பொறுப்பு.' சந்தனமாரி கட்டை விரலை மையில் அழுத்தி உருட்டினாள். முத்திரை விழுந்தது.

"ஏளா, அப்படியே என்னையும் எழுதி எடுத்துட்டுப் போயிரு," என்றார் இனிகோ. கருவாட்டு நாற்றம் பத்து நாளில் அவரையும் ஒரு வழி பண்ணியிருந்தது.

"ஆளுக்கு ஒரு பொருள்தான்," என்றார் கிருபாநிதி.

வன்னியபெருமாள் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தார். பொறுப்பு இரவல் பெற்றவருடையது என்று எழுதியிருந்ததால் சந்தனமாரியும் கூடவே வந்தாள். அல்லது அவரைத் தனியாக விட அவளுக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலை நாசரேத்தில் மேனேஜர் மேசைக்கு முன்னால் இருவரும் நின்றபோது வன்னியபெருமாள் நடந்ததை நடந்தபடி சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது பொய் போலத் தோன்றியது. கடைசியில் வேறு வழியில்லாமல் அந்தச் சீட்டை நீட்டினார்.

மேனேஜர் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பக்கத்து அறையில் பரீட்சை பாஸ் பண்ணினவர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"கேட்லாக்கைப் பத்தி இதுல ஒரு வரிகூட இல்லையே வே."

"இல்ல அய்யா," என்றார் வன்னியபெருமாள். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. "அதை வெட்டிட்டாக."

மேனேஜர் இன்னொரு தடவை வாசித்தார். "ஆனா 'ஓவியர்'னு காலேஜே எழுதி முத்திரை போட்டிருக்கு. கேட்லாக் வச்சிருக்க லைப்ரரி எத்தனையோ இருக்கும். ஓவியரையே வச்சிருந்த லைப்ரரின்னா மேலிடத்துல ஒரு கேள்வி கேக்க மாட்டாக." சீட்டை ஃபைலில் வைத்துக் கட்டினார். "மூணாம் வகுப்புக்குப் போம். சாக்பீஸ் அங்கன இருக்கும்."

வன்னியபெருமாள் நகரவில்லை. மேனேஜர் ஏதோ நினைவு வந்தவர்போல ஃபைலை மறுபடி அவிழ்த்தார்.

"ஒரு நிமிஷம். பதினாலாம் தேதி இவரைத் திருப்பிக் குடுக்கணும்னு போட்டிருக்கே. அதுக்கு என்னம்மா செய்யப் போற?"

"வாசிச்சு முடிச்சாத்தான அய்யா திருப்பிக் குடுக்கணும்?" என்றாள் சந்தனமாரி. "கல்யாணமாகிப் பதினேழு வருசமாச்சு. எனக்கு இன்னும் பாதிகூட முடியல."